அரிக்காத பொட்டு

அத்தியாயம் 6

செத்துப்போன அம்மாளின் குளியலறையில் நின்றுகொண்டு கலீமுல்லா பொட்டு பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியின் ஓரம் முழுக்க மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டுகள். ராத்திரி எடுத்து ஒட்டுவது, காலையில் அதை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்றை நெற்றியில் வைப்பது என்று பெண்கள் இருக்கும் எல்லா வீட்டுக் கண்ணாடிக்கும் வாய்க்கிற அலங்காரம்தான். இதைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று காமாக்ஷி எதற்கு அனுப்பினாள் என்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை.

"இன்னா மேடம், துப்பறிய வந்தோமா, பொட்டுக் கடைக்கு ஸ்டாக் எடுக்க வந்தோமா?" என்று கதவருகில் வந்து நின்றவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வாயை மூடிண்டு பாரு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கா?"

"ஒரே கலரு. ஒரே சைஸு."

"மனசுல வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவள் ஹாலுக்குப் போய்விட்டாள்.

காமாக்ஷி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளைச் சோதித்தவள். பெண்டாட்டி செத்த துக்கத்திலும் பாலிசி நம்பரைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற புருஷன்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த மரியாதை கரைந்துவிட்டது. இப்போது மயிலாப்பூரில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேலே சொந்தமாக ஆபீஸ். கலீமுல்லா அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, காபி வாங்கி, எல்லாம். அதற்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வளையலும் பொட்டும் விற்றவன். வாய்க்கு அங்கே கிடைத்த பயிற்சி இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

செத்தவள் பெயர் விஜயலக்ஷ்மி. ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்த மூன்றாவது மாடி வீட்டில் பத்து வருஷமாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்தியவள். தம்ளரைப் பிடிக்க முடியாது, தலையைப் பின்னிக்கொள்ள முடியாது, ராத்திரியில் போர்வை பட்டாலே விரல்கள் வலிக்கும். போன வாரம் ரத்தத்தில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே போய்விட்டாள்.

அவளுக்கு வாரம் ஒரு ஊசி போட்டது, குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் அன்புச்செல்வி. அடையாற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அள்ளிக்கொண்டு போனபோது போன குடும்பம். அங்கிருந்து தினமும் பஸ் மாறி வேலைக்கு வருவாள். அவள் கைப்பையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில், அதற்குள் உபயோகித்த ஊசிகள். போதாதா? பழைய ஊசியையே திரும்பத் திரும்பக் குத்திவிட்டுப் புது ஊசிகளை விற்றுக் காசு பார்த்தாள், அதில்தான் கிருமி ஏறியது என்று புருஷன் ராம்குமார் புகார் எழுதிக் கொடுத்தார். போலீஸ் கடுமையான பிரிவில் வழக்குப் போட்டு அவளைப் புழல் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டது. நாளைக் காலையில் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அரசு வக்கீல் எதிர்க்கப்போகிறார். அவளுடைய ஆறு வயதுப் பெண் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அம்மா எப்போது வருவாள் என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை.

இந்த வழக்கைக் காமாக்ஷியிடம் கொண்டுவந்தவள் யார் என்றால், செத்தவளின் ஒரே பெண் வர்ஷினி. தரமணியில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. இஸ்திரிக் கடை மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தவள், "அன்பு அக்கா செய்யலை. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்கோ," என்றாள். பெற்ற அப்பாவுக்கு எதிராக வேலைக்காரிக்குப் பரிந்துகொண்டு வந்த அந்தப் பெண்ணைப் பார்த்துக் கலீமுல்லா உருகிப்போய், அவளுக்குத் தன் காசில் காபி வாங்கிக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் அது பெரிய சம்பவம்.

காலையில் வக்கீலோடு புழலுக்குப் போய் அன்புச்செல்வியைப் பார்த்தார்கள். ஊசிகளைக் குப்பையில் போட்டால் கார்ப்பரேஷன் ஆள் கையில் குத்தும் என்று விஜயலக்ஷ்மி சொல்லியிருக்கிறாள். அதனால் பாட்டிலில் சேர்த்து, மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரித் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவாளாம். போலீஸ் அதைக் கேட்டுச் சிரித்ததாம். அப்புறம் அவள் இன்னொன்று சொன்னாள். ரெண்டு மாசமாக அம்மாவுக்கு வலி இருந்த இடமே தெரியவில்லை. தலையைத் தானே பின்னிக்கொண்டாள். பரணில் கிடந்த அருவாமணையை இறக்கச் சொல்லி, பத்து வருஷத்துக்கு அப்புறம் தன் கையால் பீன்ஸ் நறுக்கினாள். நறுக்கும்போது ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டாள்.

"நான் டாக்டராண்ட போலாம்னு சொன்னேங்க. அம்மா சிரிச்சிக்கினே, 'பாருடி, வீங்கவே இல்ல, செவக்கவே இல்ல'ன்னாங்க. மெய்யாலுமே வீங்கல. நாலு நாள் கழிச்சி திடீர்னு குளிர் எடுத்து விழுந்துட்டாங்க," என்றாள் அன்புச்செல்வி. அழவில்லை. அழுது முடித்தவளின் முகம் அது.

காரியங்கள் இன்னும் முடியாத வீடு. ராம்குமார் சவரம் செய்யாத முகத்தோடு, தோளில் ஒரு துண்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவன் கடன் கேட்டு வந்தவன் என்கிற நினைப்பு இன்னும் போகவில்லை. சுவரில் அவருடைய அறுபதாம் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக விஜயலக்ஷ்மி. நெற்றியில் குங்குமம், அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது.

காமாக்ஷி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலீமுல்லாவும் பார்த்தான், பார்த்ததும் தொழில் ஞானம் பொங்கிவிட்டது.

"இது பசை ஒத்துக்காத நெத்தி மேடம். பொட்டு பாக்கெட்டை ரிட்டன் குடுக்க வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு நெத்தி இப்டித்தான் இருக்கும். ஓனரு பாக்கெட்டை வாங்க மாட்டாரு, அதுங்க சொரிஞ்சிக்கினே சண்டை போடும்."

ராம்குமாருக்கு அந்தப் பேச்சின் தோரணை பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஸ்டிக்கர் வைத்துக்கொண்டு, ரெண்டாம் நாள் நெற்றி சிவந்து, தடித்து, நீர் வடிந்து பெரும் பாடாகிவிட்டதாம். ஆசைப்பட்டு மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துத்தான் தோல் வெளுத்தது. கடைசியில் ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் குங்குமத்தோடு நின்றுவிட்டாளாம்.

"அப்போ உள்ள கண்ணாடில இருக்கறது?" என்றாள் காமாக்ஷி.

"அதுதான் ஆச்சரியம். ரெண்டு மாசமா ஸ்டிக்கர்தான் வெச்சுண்டா. அரிக்கவே இல்லை. கையும் சரியாயிடுத்து, நெத்தியும் சரியாயிடுத்து. சுவாமி கண்ணைத் திறந்துட்டார்னு நெனச்சேன்."

அவர் போனை எடுத்துக் காட்டினார். பச்சைப் புடவையில் விஜயலக்ஷ்மி, பக்கத்தில் கன்னத்தோடு கன்னம் வைத்து வர்ஷினி. அம்மாவின் நெற்றியில் மெரூன் பொட்டு. தினமும் காலையில் குளித்ததும் அம்மாவும் பெண்ணும் இப்படி ஒரு படம் எடுத்துக்கொள்வார்களாம். அதைப் பெண்ணின் போனிலிருந்து வாங்கி, மேலே ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் சேர்த்து, குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது ராம்குமாரின் கைங்கர்யம்.

மருந்தை டாக்டர் மாற்றினாரா என்று காமாக்ஷி கேட்டாள். இல்லையாம். வாரம் ஒரு ஊசி, ராத்திரி ஒரு கால்சியம் மாத்திரை, பத்து வருஷமாக அதேதான். கடைசி ரெண்டு மாதம் டாக்டரிடமே போகவில்லை. வலி போனவள் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டார். ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் பொட்டு அரித்ததா என்றாள். ஊசி ஆரம்பித்த வருஷம்கூட ஒரு தடவை வைத்துப் பார்த்தாள், அரித்தது என்றார். காமாக்ஷி எழுந்துவிட்டாள்.

தி. நகரில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களில் ஸ்கூட்டர் முக்கால்வாசி நேரம் நின்றது, கால்வாசி நேரம் குதித்தது. கலீமுல்லா முடிவுக்கு வந்துவிட்டான். புருஷன்தான். பெண்டாட்டிக்கு எதையோ கலந்து கொடுத்துவிட்டு, பழியை ஏழை மேல் போடுகிறான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. அவன் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த காமாக்ஷி, அந்த ஒரே மாதிரிப் பொட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள்.

"அதான் மேடம் எனக்கும் இடிக்குது. முப்பது வருசம் ஆசைப்பட்டு ஒட்ட முடியாத பொம்பள. இப்ப ஒட்டலாம்னா இன்னா பண்ணும்? கடையவே வாரிக்கினு வரும். கல்லு வெச்சது, பாம்பு மாதிரி நெளிஞ்சது, புடவைக்குப் புடவை ஒரு கலரு. வருசக்கணக்கா பட்டினி கெடந்தவன் ஓட்டலுக்குப் போயி டெய்லி ஒரே இட்லியைத் துன்னுவானா? பச்சைப் புடவைக்கு எவனாவது மெரூன் பொட்டு விப்பானா? எங்க ஓனரு செருப்பால அடிப்பாரு."

"யாரு வாங்கிக் குடுத்தான்னு கண்டுபிடிச்சா போறும்," என்றாள் காமாக்ஷி.

பாண்டி பஜாருக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் தோல் டாக்டர் ஷரஃபுதீன், கலீமுல்லாவுக்குத் தூரத்து மாமா. அந்த உறவை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. காத்திருந்த கூட்டத்தைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்த மருமகனை முறைத்தார். காமாக்ஷி ஒரே கேள்விதான் கேட்டாள். பொட்டுப் பசையின் அலர்ஜி, முடக்குவாத வலி, அருவாமணைக் காயத்தின் வீக்கம், மூன்றும் ஒரே சமயத்தில் ஒருத்தியிடமிருந்து காணாமல்போனால் என்ன அர்த்தம்?

டாக்டர் முறைப்பதை நிறுத்தினார். நாற்காலியைக் காட்டினார்.

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். உடம்பில் எங்கே தொல்லை என்றாலும் அந்த இடத்துச் செல்கள் ஒரு சரக்கை வெளியே விடும். கீமோகைன் என்று பெயர். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அதை மோப்பம் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு ஓடி வரும். சாயங்காலம் பஜாரில் ஒருவன் கடலை வறுத்தால் வாசனையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் சேருகிற மாதிரி. கூட்டம் சேர்ந்தால் சூடு, சிவப்பு, வீக்கம், வலி. கிருமி நுழைந்த இடத்தில் இது சேர்ந்தால் நல்லது, பிழைத்துக்கொள்வோம். பொட்டுப் பசைக்காகச் சேர்ந்தால் அரிப்பு. காரணமே இல்லாமல் மூட்டில் சேர்ந்து கலையாமல் உட்கார்ந்துவிட்டால் முடக்குவாதம். ஆஸ்துமா, சோரியாசிஸ், குடல் புண் என்று பாதி வியாதிகளுக்கு இந்தக் கூட்டம்தான் காரணம். எச்.ஐ.வி. கிருமி அணுவுக்குள் புகுவதற்கே இந்த மோப்பம் பிடிக்கும் மூக்குகளில் ஒன்றைத்தான் வாசலாக வைத்துக்கொள்கிறது.

"அந்த மூக்கை அடைச்சுட்டா?" என்றாள் காமாக்ஷி.

"மூட்டு வலி போயிடும். அரிப்பு போயிடும். கிருமி உள்ள வந்தா கூப்பிடுற குரல் யார் காதுலயும் விழாது. காயம் பார்க்க அழகா, சுத்தமா இருக்கும். உள்ள அது பாட்டுக்கு வேலை நடக்கும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிப்பட்ட மருந்துகள்ல ஒண்ணு ரெண்டு வேற வியாதிகளுக்கு இருக்கு. மூட்டு வலிக்குன்னு கடையில விக்கிறது எதுவும் கிடையாதும்மா. ஆராய்ச்சிக்கூடத்துல எலிக்குக் குடுத்துப் பார்த்துக்கிட்டிருப்பாங்க."

"போலீஸ் ஸ்டேஷனுக்கு ஃபோனு போகாம பண்ணிட்டுத் திருடன உள்ள வுட்ட மாதிரி," என்றான் கலீமுல்லா. சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. ராம்குமாருக்கு எலியும் தெரியாது, ஆராய்ச்சிக்கூடமும் தெரியாது. தன் காசில் காபி வாங்கிக் கொடுத்தவளின் முகம் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது காமாக்ஷி சொன்னாள். "போலீஸுக்கு அன்புச்செல்வி மேல சந்தேகம். அப்பாவுக்கு அன்புச்செல்வி மேல சந்தேகம். எனக்கே பாதி சந்தேகம் இருந்தது. இந்த ஊர்லயே ஒருத்திக்கு மட்டும் துளி சந்தேகம் இல்லை. விஜயலக்ஷ்மி எதனால செத்தான்னு தெரிஞ்சவளுக்குத்தானே அவ்வளவு நிச்சயமா இருக்க முடியும்?"

விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி ராஜா அண்ணாமலைபுரம். வர்ஷினி அம்மாவின் அறையில் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். காமாக்ஷி கதவைச் சாத்தாமல் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டதும் வர்ஷினி மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றாத அளவுக்கு அவளும் களைத்திருந்தாள். கம்பெனியிலிருந்து மருந்தை எடுத்துவந்து, தானே கேப்ஸ்யூலில் அடைத்து, கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாளாம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. "ராத்திரில அம்மா துணியை வாயில வெச்சுக் கடிச்சுண்டு அழுவா. சின்ன வயசுலேந்து அதைக் கேட்டுண்டே தூங்கியிருக்கேன். நிறுத்தணும்னு நெனச்சேன். நின்னுடுத்து. அவ்வளவுதான் நான் பண்ணினது," என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

கலீமுல்லாவுக்கு மனசு பொறுக்கவில்லை. தாய்க்கு வலி தாங்காமல் செய்த பெண்ணை எப்படிப் போலீஸில் பிடித்துக் கொடுப்பது? சொல்லாமலே அன்புச்செல்வியை வெளியே கொண்டுவர ஒரு வழி இருக்காதா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். இளகிய மனசுக்காரன், அவனிடம் அந்த ஒரு குறை உண்டு.

காமாக்ஷி கைப்பையிலிருந்து ஒரு பொட்டுப் பாக்கெட்டை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். வரும் வழியில் வாங்கியது. அதே மெரூன், அதே அளவு.

"இதை யாரும்மா வாங்கிக் குடுத்தா?"

"நான்தான். அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை."

"ஆசைப்பட்டவளுக்கு ஒரே கலரை எதுக்கு வாங்கினே?"

வர்ஷினி அடுத்த புடவையை எடுத்து உதறினாள்.

"நான் சொல்றேன். மருந்து வேலை செய்யறதான்னு உனக்குத் தெரியணும். வலி போச்சான்னு அம்மாவைக் கேட்டா, நீ சந்தோஷப்படணுமேன்னு போயிடுத்துன்னு சொல்லிடுவா. பெத்தவ பொய் சொல்லுவா, நெத்தி பொய் சொல்லாது. ஒத்துக்காத பசைன்னு தெரிஞ்சே தினமும் ஒட்டினே. அதே பசை, அதே இடம், அதே அளவு. தினமும் காலங்கார்த்தால ஒரு ஃபோட்டோ. உன் அப்பா அதைப் பாசம்னு நெனச்சுண்டிருந்தார்."

கலீமுல்லா வர்ஷினியைப் பார்த்தான். கண்ணீர் நின்றிருந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளின் முகத்தில் பயம் இல்லை. பரீட்சைத் தாளை ஒழுங்காகப் படித்துத் திருத்திய வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி காமாக்ஷியைப் பார்த்தாள்.

"யாருக்கும் புரியாதுன்னு நெனச்சேன்," என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். எலிகளிடம் வந்த முடிவு போதாது என்று கம்பெனி அந்த மருந்தைக் கைவிட இருந்தது. மனுஷ உடம்பில் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தால் மட்டும் போதுமா? வீட்டிலேயே ஒரு உடம்பு இருந்தது. முதல் நாள் பொட்டு வைத்துவிட்டு ரெண்டாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது சிவக்கவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷம் அவளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லையாம்.

"விரலை வெட்டிண்ட அன்னிக்கு?" என்றாள் காமாக்ஷி.

"வீங்கலை."

"அன்னிக்கும் சந்தோஷம்தானா?"

"ஆமாம்."

"மாத்திரையை நிறுத்தணும்னு தோணலையா? கிருமி உள்ள போனா என்ன ஆகும்னு எங்களைவிட உனக்குத் தெரியுமே."

"தெரியும். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னு நெனச்சேன்." மடித்த புடவையை மற்றவற்றின் மேல் வைத்து ஓரத்தைச் சரி செய்தாள். "அன்பு அக்கா ஜெயிலுக்குப் போனது எனக்குப் பிடிக்கலை. ஆஸ்பத்திரி மேல தப்புன்னு நீங்க கண்டுபிடிப்பேள்னு நெனச்சேன். அதுக்குத்தான் வந்தேன்."

சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்தாள். விரல் நிதானமாக நகர்ந்தது. அம்மாவோடு எடுத்த படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தாள், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள், போனைத் திருப்பி வெறும் திரையைக் காட்டினாள்.

"மாத்திரை மிச்சம் இல்லை. ஃபோட்டோ இல்லை. அம்மாவைத் தகனம் பண்ணியாச்சு. நான் சொன்னதை நான் சொல்லவே இல்லைன்னு சொல்லுவேன். ஒரு பாக்கெட் பொட்டை வெச்சுண்டு நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்லப்போறேள்?"

காமாக்ஷி வாயைத் திறப்பதற்குள் கலீமுல்லா வாசல் பக்கம் திரும்பினான். அங்கே துண்டைத் தோளில் போட்டபடி ராம்குமார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க குரூப்புல எத்தினி பேரு கீறாங்க?" என்றான் கலீமுல்லா.

அவருக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கையில் இருந்த போனை மார்போடு சேர்த்துக்கொண்டார். காமாக்ஷி எழுந்து போய், சத்தம் போடாமல், குரூப்பில் அவர் போட்ட படங்களை எல்லாம் காட்டச் சொன்னாள். அவர் கை தானாகத் திறந்தது. ரெண்டு மாசத்துக் காலை வணக்கங்கள். ரோஜாப்பூ, அம்மா, பெண், மெரூன் பொட்டு. புடவை மட்டும் மாறியது. அடியில் சொந்தக்காரர்கள் கை கூப்பியிருந்தார்கள். சிட்னியிலிருந்து ஒரு மன்னி, விஜியின் நெற்றி பளிச்சென்று ஆகிவிட்டதே, என்ன க்ரீம் என்று கேட்டிருந்தாள்.

கடைசிப் படத்தில் விஜயலக்ஷ்மி ஆள்காட்டி விரலைக் காமிராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரலில் ஒரு கோடு, கட்டுகூடப் போடாத சுத்தமான காயம். சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ராம்குமார் தன் கையால் எழுதியிருந்தார்: 'அருவாமணையில் விஜி விரலை வெட்டிண்டு மூணு நாள் ஆச்சு. துளி வீக்கம் இல்லை, துளி சிவப்பு இல்லை. எல்லாம் பகவான் செயல்.'

கிருமி எந்த வழியாகப் போனது, உடம்பு ஏன் அதைத் தடுக்கவில்லை என்று, புகார் கொடுத்தவரே தேதியோடு எழுதி உலகம் பூராவும் அனுப்பியிருக்கிறார். காமாக்ஷி வக்கீலைக் கூப்பிட்டாள். ரெண்டு நிமிஷம் பேசினாள். பிறகு இன்ஸ்பெக்டரை. அந்தப் போனோடு ராம்குமார் ஸ்டேஷனுக்கு வந்து தன் புகார் தப்பு என்று எழுதிக் கொடுத்தால், அரசு வக்கீல் ஜாமீனை எதிர்க்கப்போவதில்லை என்று பதில் வந்தது.

ராம்குமார் போனை மறுபடி பிடுங்கிக்கொண்டார்.

"புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஊசி இல்லை, ஏதோ விதின்னு எழுதிக் குடுத்துடறேன். அந்தப் பொண்ணு வெளில வந்துடுவா. இதை ஏன் இழுக்கணும்? குரூப்ல இருக்கறவா எல்லாம் என் மனுஷா. நான் சொன்னா அழிச்சுடுவா." அவர் குரல் கெஞ்சியது. "எனக்கு இருக்கறது இவ ஒருத்திதாம்மா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் புகாரை வாபஸ் வாங்கினால் மட்டும் போலீஸ் அவ்வளவு லேசில் அன்புச்செல்வியை விட்டுவிடாது, ஊசிகள் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன என்பது காமாக்ஷிக்குத் தெரியும், ராம்குமாருக்கும் தெரியும். கலீமுல்லாவுக்குப் பெரும்பாக்கத்தில் பக்கத்து வீட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் குழந்தை ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ராம்குமார் மறுபடி போனைப் பார்த்தார். கடைசிப் படம் திரையில் அப்படியே இருந்தது. அதைக் கட்டை விரலால் பெரிதாக்கினார். விஜயலக்ஷ்மியின் தூக்கிய விரல் திரை முழுவதும் வந்தது.

"அம்மா இப்படி விரலைத் தூக்கிக் காமிக்கறாளே," என்றார் பெண்ணிடம். "அவளா காமிச்சாளா, நீ காமின்னு சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்பா." வர்ஷினி புடவை அடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தடவை எடுத்தேன். முதல்ல எடுத்ததுல வெளிச்சம் சரியா விழலை."

ராம்குமார் போனைக் காமாக்ஷியின் கையில் கொடுத்து, அதைத் திறக்கிற நம்பர் விஜியின் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போகச் சட்டை எடுக்க உள்ளே போனார்.